இரண்டு ரூபாய்க் கார்

சில மாதங்களாக இங்கே எதுவும் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கவலைப்பட்டு விசாரித்தவர்களுக்கு நன்றி. வீட்டுப் பின்கட்டில் ஒரு கார் செய்துகொண்டிருந்தேன். நகராத கார். சீட்டு உண்டு, ஸ்டியரிங் உண்டு, பெடல் உண்டு, கியர்கூட உண்டு. சக்கரம் மட்டும் கிடையாது. முன்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் திரை. ஒரு காலத்தில் வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு, உள்ளே உட்கார்ந்து ஓட்டுவார்களே, அந்த மாதிரிப் பெட்டி.

எழுபத்தைந்து வயதில் இது என்ன விளையாட்டு என்று என் மனைவியே கேட்டாள். பேரனுக்கு என்றேன். அது பாதி உண்மை. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

போன வருடம் கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரனுக்குப் பதினொரு வயது. கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்துக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த மகன், "இதெல்லாம் என்னடா ஓட்டறது? எங்க காலத்துல சீட்டுல உக்காந்து, நிஜ ஸ்டியரிங்கப் பிடிச்சு ஓட்டுவோம்" என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். "தண்ணி வந்துடுச்சான்னு பாக்கறேன்" என்று எழுந்து போய்விட்டான். அன்றைக்குத் தண்ணீர் காலையிலேயே வந்து போயிருந்தது.

1989-இல் நடந்தது அது. நான் அப்போது ஒரு அரசு அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவு குமாஸ்தா. ஒரு நாள் காலை மேலதிகாரி கூப்பிட்டு ஒரு மெமோவை நீட்டினார். ஸ்டாக் ரிஜிஸ்டர்படி இருக்க வேண்டிய மின்விசிறிகளில் 12 குறைகின்றன, ஏழு நாளில் விளக்கம் தரவும் என்று இருந்தது. திருடினாய் என்று எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விட்டதைப் படிக்கத் தெரியாதவன் குமாஸ்தாவாக இருக்க முடியாது. அன்று முழுவதும் சக ஊழியர்கள் யாரும் என் மேசைப் பக்கம் வரவில்லை.

சாயங்காலம் சைக்கிளில் வீடு திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை வாசலில் என் மகனின் செருப்பைப் பார்த்தேன். ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பு. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. உள்ளே போனேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு சிவப்புக் கார். காசு ஏது என்று கேட்டேன். என் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்ததாகச் சொன்னான். பொய் சொல்லவில்லை. நான் அவனைச் சீட்டிலிருந்து இழுத்து அறைந்தேன். காதைப் பிடித்துத் தெரு நெடுக நடத்திக்கொண்டு போனேன். அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். "திருட்டுப் பயல்" என்றேன், ஒரு தடவை அல்ல. காலையில் என்னிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தையை மாலையில் அவனிடம் உரக்கச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, அந்த 12 மின்விசிறிகளும் வேறொரு பிரிவுக்குப் போனதைச் செலவுக் கலத்தில் ஏற்றாமல் விட்டிருந்தது தெரிந்தது. என் ஃபைல் மூடப்பட்டது. மகனின் ஃபைலை நான் திறந்து பார்க்கவே இல்லை.

பேரன் ஊருக்குத் திரும்பிய மறுநாள் ஒரு பழைய ரிஜிஸ்டரை எடுத்து முதல் பக்கத்தில் "கார்ப் பெட்டி" என்று எழுதினேன். வரவு, விலை, வாங்கிய இடம், குறிப்பு என்று நான்கு கலம் போட்டேன். பழக்க தோஷம்.

நான் விக்டர் சிமோனல் வீதியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அரசு உத்தியோகத்தில் அந்தப் பிரெஞ்சு எனக்குப் பெரிதாக உதவவில்லை. ஆங்கிலத்தில் நோட்டிங் எழுதவே பத்து வருடம் தடுமாறினேன். ஆனால் கைவேலையின் பெயர்கள் எனக்கு இன்றும் பிரெஞ்சில்தான் வருகின்றன. வீட்டில் கிடைத்ததை வைத்துத் தானே எதையாவது செய்வதற்கு அங்கே பிரிகொலாஜ் என்பார்கள். ஸ்டியரிங் எனக்கு வொலான். லேத் பட்டறையில் போய் "பியே அ கூலீஸ் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விரலால் காட்டினேன். "வெர்னியரா சார்? அப்படிக் கேளுங்க" என்றார்.

வேலையில் இறங்குமுன் கொஞ்சம் படித்தேன். 1974-இலேயே அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி கிரான் டிராக் 10 என்று ஓர் ஆட்டம் வெளியிட்டிருக்கிறது. ஸ்டியரிங், கியர், பெடல் மூன்றும் அதில் உண்டு. படம் கறுப்பு வெள்ளை, காரை மேலேயிருந்து பார்ப்பது போல. 1982-இல் ஜப்பானின் நாம்கோ கம்பெனியின் போல் பொசிஷன் வந்தது. அதில் காருக்குப் பின்னாலிருந்து சாலையைப் பார்க்கிறோம். 1986-இல் சேகா கம்பெனியின் அவுட் ரன். யூ சுசுகி என்பவர் வடிவமைத்தது. சிவப்புத் திறந்த கார், பக்கத்தில் ஒரு பெண், இரண்டாகப் பிரியும் சாலை. எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது என்பதைக்கூட நாமே தேர்ந்தெடுக்கலாம்.

இந்த ஆட்டங்களில் ஸ்டியரிங் இரண்டு வகை. போல் பொசிஷனில் சக்கரம் முடிவில்லாமல் சுற்றும். எவ்வளவு சுற்றினோம் என்பதை ஒளியை வைத்து எண்ணுகிறார்கள். அவுட் ரன்னில் இரண்டு பக்கமும் ஒரு எல்லையில் நின்றுவிடும். சக்கரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஒரு பொட்டன்ஷியோமீட்டர் சொல்லும். பெரிய வார்த்தைக்குப் பயப்படாதீர்கள். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அந்த வால்யூம் கண்ட்ரோல்தான். அதற்கு மூன்று கால்கள். ஒரு ஓரத்தில் 5 வோல்ட், மறு ஓரத்தில் பூஜ்யம். நடுக்காலில், திருகின அளவுக்கு ஏற்ப இடைப்பட்ட வோல்ட் வரும். அதைப் படித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்ன போர்டு வேண்டும். ஆர்டுயினோ லியனார்டோ என்று பெயர். அந்த வோல்ட்டை 0-விலிருந்து 1023 வரை ஓர் எண்ணாக மாற்றும். யூ.எஸ்.பி.யில் செருகினால் கம்ப்யூட்டர் அதை ஒரு ஜாய்ஸ்டிக் என்று எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். முத்தியால்பேட்டையில் டிவி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் அதற்கான புரோகிராமை ஏற்றிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. முடிந்ததும் ஒரு ஆட்டம் ஆடவேண்டும் என்றார்.

சாமான் வாங்கச் சென்னைக்கு இரண்டு தடவை போனேன். கார் உதிரிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டை, எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ரிச்சி தெரு. இரண்டுக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை என்பது என் முழங்காலுக்கு வசதி. புதுப்பேட்டையில் உடைத்த மாருதி 800-இன் டிரைவர் சீட்டை அதன் தண்டவாளத்தோடு சேர்த்து 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் தண்டவாளம் எதுக்கு, தனி விலையாகும் என்றார். அது இல்லாமல் முடியாது என்றேன். சீட்டு முன்னும் பின்னும் நகர வேண்டும். பதினொரு வயதுக் காலும் எட்ட வேண்டும், ஆறடி ஆளும் உட்கார வேண்டும். என் மகன் ஆறடி. ஸ்டியரிங்கை அதன் ராடோடு 650-க்குக் கொடுத்தார். பழைய சீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய கதையைத் தனியாக எழுதுகிறேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார்.

பெட்டிக்கு முக்கால் அங்குல பிளைவுட் இரண்டு ஷீட். தச்சர் மூன்று நாள் வேலை செய்தார். முதல் நாள், "என்ன சார், சாமி மண்டபமா?" என்றார். சீட்டைப் பார்த்த பிறகு எதுவும் கேட்கவில்லை.

இனி நான் செய்த தவறுகள். இப்படி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முதல் தவறு, ஸ்டியரிங்குக்குத் தடை வைக்காமல் ஓட்டிப் பார்த்தது. வால்யூம் கண்ட்ரோல் முக்கால் வட்டத்துக்கு மேல் கொஞ்சம்தான் திரும்பும். மாருதி ஸ்டியரிங்குக்கு அது தெரியாது. நான் ஆர்வத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். உள்ளே "டக்" என்றது. 40 ரூபாய் சாமான் கண்டம் ஆனது. பிறகு ராடில் ஓர் இரும்புத் துண்டை வெல்டு வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் சுற்றிய போல்ட்டில் முட்டி நிற்கும்படி செய்தோம். ராடு சுழல்வதற்கு இரண்டு பிளம்மர் பிளாக் பேரிங். ராடையும் வால்யூம் கண்ட்ரோலையும் இணைக்க இரும்பு வேண்டாம். பெட்ரோல் டியூபில் இரண்டு அங்குலம் வெட்டி இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினால் போதும். நேர்கோடு கொஞ்சம் பிசகினாலும் ரப்பர் தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது தவறு, வால்யூம் கண்ட்ரோலில் இரண்டு ஜாதி உண்டு என்று தெரியாமல் வாங்கியது. மேலே ஏ என்று போட்டிருந்தால் சத்தத்துக்கு. நம் காதுக்கு ஏற்றபடி முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும். பி என்று போட்டிருந்தால் சீராக ஏறும். நான் ஏ வாங்கிவிட்டேன். இடது பக்கம் திருப்பினால் கார் தூங்கியது, வலது பக்கம் திருப்பினால் பள்ளத்தில் பாய்ந்தது. பி மாற்றியதும் சரியாகிவிட்டது.

மூன்றாவது, ஒயர். ஸ்டியரிங் ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகக் கட்டிவைத்தேன். கையை எடுத்த பிறகும் கார் நடுங்கியது. என் கைதான் நடுங்குகிறதோ என்று இரண்டு நாள் பயந்தேன். டிவி தம்பி வந்து ஒயரைப் பிரித்து, 104 என்று எண் போட்ட பொட்டு மாதிரி ஒரு கெப்பாசிட்டரை நடுக்காலுக்கும் பூஜ்யத்துக்கும் இடையில் பற்றவைத்தார். நடுக்கம் நின்றது. எனக்கும்தான்.

இதைவிட முக்கியம் ஸ்பிரிங். கையை விட்டால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் சாவி இல்லாத பொம்மையைத் திருப்புவது போல இருக்கும். சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங் இரண்டை எதிரெதிராக மாட்டினோம். பிரேக் பெடலுக்கு ஆக்சிலரேட்டரைவிடக் கடினமான ஸ்பிரிங் போட்டு அடியில் ஒரு ரப்பர் புஷ் வைத்தோம். அழுத்தினால் கால் எதையாவது உணரவேண்டும். அந்தக் கனம் வந்த அன்றுதான் பெட்டி காராக மாறியது.

ஆட்டத்துக்கு என்ன செய்வது? பழைய ஆட்டங்களைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட்ட 1997-இலிருந்து மேம் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் அந்த ஆட்டங்களின் உரிமை கம்பெனிகளுடையது. இண்டென்ட் இல்லாமல் ஓர் ஆணியைக்கூட ஸ்டோரை விட்டு வெளியே அனுப்பாதவன் நான். இதற்காகத் திருட்டு ஃபைல் இறக்க மனம் வரவில்லை. அதிலும் இதற்காக. எல்லோருக்கும் இலவசமாகத் தரப்பட்டிருக்கும் சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற பந்தயத்தை ஏற்றினேன். பென்குயின் எல்லாம் கார் ஓட்டும். அதற்குக் கியர் தேவையில்லை. அதனால் கியர் தண்டைத் தள்ளினால் கார் சீறிப் பாயும்படி தம்பி மாற்றி வைத்தார்.

கடைசியாகக் காசு வாய். பிளைவுட்டில் ஒரு கீறல், பின்னால் சாய்வாக ஒரு தகரக் கால்வாய், அதன் முடிவில் ஒரு மைக்ரோ சுவிட்ச். ஒரு ரூபாய் நாணயம் உருண்டு போய் சுவிட்சின் நாக்கைத் தட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு இது எதற்கு என்று தம்பி கேட்டார். இருக்கட்டும் என்றேன். மொத்தச் செலவு ரிஜிஸ்டர்படி 14,650 ரூபாய். ஓர் எழுவர்சில்வர் டம்ளர் நிறைய ஒரு ரூபாய் நாணயம் மாற்றிப் பெட்டி மேல் வைத்தேன். அது தனிக் கணக்கு.

பொங்கலுக்கு எல்லோரும் வந்தார்கள். பேரன் போகியன்று மதியம் உட்கார்ந்தவன் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தான். அவன் தங்கை ஓட்டுகிறேன் என்று அழுதாள். தண்டவாளத்தைக் கடைசிவரை முன்னால் தள்ளியும் அவள் கால் பெடலுக்கு எட்டவில்லை. பெடலுக்குக் கீழே அண்ணன் உட்கார்ந்து கையால் அழுத்தினான், அவள் திருப்பினாள். மகன் சுற்றிச் சுற்றி வந்து வேலைப்பாட்டைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், நல்லாயிருக்குப்பா என்றான். உட்காரவில்லை.

அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு பின்கட்டில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தேன். பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் டம்ளரிலிருந்து இரண்டு நாணயம் எடுத்து நீட்டினேன்.

"இந்தா. ரெண்டு ரூபா."

வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். நான் அந்த மெமோவைப் பற்றிச் சொன்னேன். 12 மின்விசிறி, ஏழு நாள் விளக்கம், யாரும் என் மேசைக்கு வராதது, எல்லாம். அவனுக்கு அது எதுவும் தெரியாது. "அன்னிக்கு உன்னைத் தெருவுல அப்படிச் சொன்னது தப்பு. நீ எடுத்தது ரெண்டு ரூபா. நான் அடிச்சது அதுக்கு இல்ல" என்றேன்.

"அடிச்சது எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லப்பா" என்றான். "காசு எடுத்தது நான்தானே. எனக்கு ஞாபகம் இருக்கறது சட்டைதான்."

"என்ன சட்டை?"

"உங்க சட்டை. ஆபீஸ்லேர்ந்து வந்து கூடத்து ஆணியில மாட்டுவீங்க. அன்னையிலேர்ந்து உள்ரூமுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்க. நான் காலேஜுக்குப் போற வரைக்கும் அந்த ஆணி சும்மாவே இருந்துச்சு. அதுக்கு எதிர்லதான் உக்காந்து சாப்பிடுவேன்."

எனக்கு அது நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. அறைந்ததற்காக முப்பத்தைந்து வருடம் மனதுக்குள் வருந்திக்கொண்டிருந்தேன். சட்டையை இடம் மாற்றியதை மறந்தே போனேன். ஒரே ஒரு நாள் எனக்கு மெமோ கொடுத்தார்கள். அதற்குப் பதில் எழுத ஏழு நாளும் கொடுத்தார்கள். நான் என் பிள்ளைக்குத் தினமும் ஒரு மெமோ கொடுத்திருக்கிறேன், பதில் எழுத இடமே வைக்காமல்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா, ஆபீஸ் விஷயத்த" என்றான்.

"பன்னெண்டு வயசுப் பையன்கிட்ட என்னன்னு சொல்றது?"

அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. உள்ளே தூங்குகிற தன் பையன் பக்கம் பார்த்தான். பிறகு சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி உட்கார்ந்து காசைப் போட்டான். முதல் வளைவிலேயே சுவரில் மோதினான். "ஸ்பிரிங் கொஞ்சம் கூடுதல் இறுக்கம்" என்றான். இரண்டாவது காசில் கடைசிக்கு முந்தினவனாக வந்தான். அதற்கப்புறம் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டான். பன்னிரண்டரை மணிக்கு என் மனைவி எழுந்து வந்து இரண்டு பேரையும் திட்டி விளக்கை அணைத்தாள்.

மறுநாள் காலையில் கூடத்தில் அந்த ஆணியைப் போய்ப் பார்த்தேன். அதே ஆணிதான். இப்போது காலண்டர் தொங்குகிறது.

ஸ்பிரிங்கை மாற்றியாகிவிட்டது. அவன் சொன்னது சரிதான், இப்போது கைக்கு இதமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகள் வருகிறார்கள். காசு என்னுடைய டம்ளரிலிருந்துதான். பெட்டியைத் திறந்து எடுத்து மறுபடி டம்ளரில் போட்டுவிடுவேன். போன வாரம் எண்ணிப் பார்த்தபோது மூன்று ரூபாய் குறைந்தது. ரிஜிஸ்டரில் எழுதவில்லை.